முத்துமாரி ஒட்டின சிவப்பு அம்பு

முத்துமாரி கூட ஒரே டேபிள்ல நிக்கறது இருக்கே, அந்தப் பேஜாரு எதிரிக்கும் வேணாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில நாங்க ரெண்டு பேரும் செக்கிங். வலது, இடது ரெண்டையும் ஜோடியா வச்சுப் பாத்து, தப்பு எங்க இருக்கோ அங்க சின்னதா ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். நூறு ஜோடிக்கு நான் நாலு ஒட்டினா அவ இருபது ஒட்டுவா. தையல் ஒரு நூல் தள்ளிப் போயிருந்தாலும் விட மாட்டா. கண்ணா இல்ல பூதக்கண்ணாடியான்னு நானே திட்டியிருக்கேன்.

சூப்பர்வைசர் ஆரோக்கியசாமிக்கு டார்கெட் போச்சேன்னு வயித்தெரிச்சல். போன வருஷம் ஆடியில அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாரு. அதோட விட்டாரா? 'ரிஜெக்ட் மாரி'ன்னு அவரு வச்ச பேரு வாணியம்பாடி வரைக்கும் போய்டுச்சு. எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும் சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பினாங்க. நாப்பத்தாறு வயசுல, தெரிஞ்ச ஒரே வேலையும் இல்லன்னா மனுஷி இன்னா பண்ணுவா? என் கண்ணுதான் எனக்கு எதிரின்னு எங்கிட்ட அழுதா.

அப்பதான் வேலூர்ல சினிமா ஷூட்டிங்குக்கு ஆள் கூப்பிட்டாங்க. டவுன்ல கார் திருடற நாலு விடலைப் பசங்க கதை. டைரக்டர் கார்முகிலன்னு ஒருத்தர், முதல் படம். டீக்கடைக் கூட்டத்துல சும்மா நிக்கணும், அவ்ளோதான். வீட்ல உக்காந்து அழறதுக்கு அங்க போய் நில்லுன்னு நான்தான் தள்ளி விட்டேன்.

முதல் நாள் பசங்க ஒரு வெள்ளைக் காரைத் திருடற சீன். கடைசிப் பையன் பின்சீட்ல உக்காந்து, இறக்கி விடுங்கடான்னு அழறான். படத்துக்கே உசுரு அந்த அழுகைதானாம். பாதி எடுத்துட்டு, மீதியை மறுநாளைக்கு வச்சாங்க. மறுநாள் கார் கண்ணாடியைத் தொடைக்கச் சொல்லி இவகிட்ட துணியக் குடுத்திருக்காங்க. இவ உள்ள எட்டிப் பாத்தா. நேத்து தொறந்த கதவு வழியா பாத்தப்ப சீட் கவர்ல ரெட்டைத் தையல். இன்னிக்கு ஒத்தைத் தையல். கை சும்மா இருக்குமா? பையில கெடந்த ஸ்டிக்கரை எடுத்து சீட்டு மேல ஒட்டிட்டா.

டைரக்டர் அதைப் பாத்துட்டு யாரு வேலை இதுன்னு கத்தினாரு. இந்த வேலையும் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேதான் இவ முன்னால போனாளாம்.

"நான்தான் ஒட்டினேன் தம்பி. இது நேத்து கார் இல்ல. ஜோடி சேரல."

கார் டிரைவர் அதே வண்டிதான்னு அடிச்சு சத்தியம் பண்ணான். நம்பரும் அதேதான். நேத்து எடுத்ததைப் போட்டு, பெருசு பண்ணிப் பாத்தாங்க. ரெட்டைத் தையல். அப்புறம்தான் கக்கினான்: நேத்து வண்டி ஜோலார்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்டுச்சு, படத்துக்காகச் செஞ்ச நம்பர் பிளேட்டை இன்னொரு வெள்ளை வண்டியில மாட்டி ஓட்டிட்டு வந்துட்டான். கார் திருட்டுப் படத்துலயே காரை மாத்தியிருக்கான், எமகாதகன்!

கார்முகிலன் தன் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொன்னாரு.

"அக்கா, படம் முடியற வரைக்கும் நீங்க இங்கதான் உக்காரணும். எது மாறினாலும் ஒட்டுங்க."

நாப்பது நாள் ஒட்டினா. பசங்க வாட்ச், சட்டை பட்டன், நெத்தியில பூசின ரத்தம் எதையும் விடல. அவ வந்தாலே மேக்கப்காரர் ஓடி ஒளிவாராம். எனக்கு அந்த ஆளை நெனச்சா பாவமா இருந்துச்சு.

போன மாசம் படம் வேலூர்ல ரிலீஸ். ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு எங்க செக்கிங் லைன் மொத்தமும் போனோம். படம் முடிஞ்சு பேருங்க ஓடுச்சு. 'முத்துமாரி, ஆம்பூர்'னு வந்துச்சு. பேருக்குப் பக்கத்துல, அதையே காட்டிக்கிட்டு, குட்டியா ஒரு சிவப்பு அம்பு. மத்த ஜனங்களுக்கு அது இன்னான்னே தெரியல. எங்களுக்குத் தெரிஞ்சுது. எழுந்து நின்னு தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினோம். நான் அழுதுட்டேன், எனக்கு இன்னா வெக்கம்?

பின்னால காது கிழியற மாதிரி ஒரு விசில். லைட் போட்டதும் திரும்பிப் பாத்தா ஆரோக்கியசாமி. யாருக்கும் சொல்லாம வந்து உக்காந்திருக்காரு, ரெண்டு விரல் இன்னும் வாயில.

முத்துமாரி கண்ணைத் தொடச்சுக்கிட்டு அவரையே மேலயும் கீழயும் பாத்தா. "ரெண்டாவது பட்டன் வேற நூலு"ன்னு எங்கிட்ட சொன்னா. பையைத் தொறந்தா, நேரா அவருகிட்ட போனா, சட்டையில ஒரு அம்பை ஒட்டினா. அவரு அசையாம நின்னு ஒட்ட விட்டாரு.