தரிசு என்று எழுதியவன்

மண் ஒட்டிய வேரோடு ஒரு பிடி உளுந்துச்செடி. மேசை துடைக்கும்போதெல்லாம் இன்றும் அது கண்ணில் வந்து நிற்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது அதை என் மேசைமேல் வைத்தவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர்தான் அவர்களுக்கென்று இருந்த மண். பயிர் வைக்காமல் போட்டால் பட்டா ரத்து என்பது நிபந்தனை.

பருவந்தோறும் வயலில் இறங்கிப் பார்த்து, என்ன பயிர் என்று அடங்கல் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் வண்டியை விட்டு இறங்காத ஆசாமி. சாலையிலிருந்து பார்த்தால் அந்த ஏக்கரை வேலிக்காத்தான் முள்புதர் மறைக்கும். பட்டா கொடுப்பதற்கு முந்தைய பக்கத்தில் இருந்ததைப் பார்த்து, டீ ஆறுவதற்குள், மூன்று பருவமும் 'தரிசு' என்றே எழுதினேன். தொழிற்சாலைக்கு இடம் தேடியவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அக்காவுக்கு ரத்து நோட்டீஸ் போனது.

"சார், இது இன்னா?" என்றார். செடியில் காய் இருந்தது. "நான் தெனம் களை எடுத்துக்கினு இருக்கறேன். நீங்க தரிசுன்னு எழுதிக்கீறீங்க. வந்து பாருங்க சார். அடிச்சிட்டு உளுந்துன்னு எழுதுங்க."

அடித்து எழுதலாம். எழுதினால், மூன்று பருவமும் நான் வயலுக்குப் போகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்த நேரம். "மேல பேசிப் பாக்கறேன்" என்றேன். யாரிடமும் பேசவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பொக்லைன் வந்தது. மேல்மண்ணை லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். தொழிற்சாலை மட்டும் வரவில்லை. கம்பிவேலிக்குள் கல் தெரியக் கிடக்கிறது நிலம். ஓய்வுபெற்ற பிறகு, 'தரிசு' எங்கிருந்து வந்த சொல் என்று அகராதிகளில் தேடினேன். பயிரிடாத நிலம் என்று பொருள் இருந்தது, பிறப்பு பிடிபடவில்லை. அந்த ஏக்கரைப் பொறுத்தவரை அது என் பேனாவில் பிறந்தது. சொல் முதலில் வந்தது, அதற்கேற்ற நிலம் பிறகு வந்தது.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். வேறு ஏதோ கம்பெனியில் தரை துடைக்கிற வேலையாம், நீலச் சீருடை. நழுவப் பார்த்தேன். அவரே வந்து, "நாஷ்டா ஆச்சா சார்?" என்றார். தலையாட்டினேன்.

"நம்ம நெலத்தாண்ட போனீங்களா? இப்ப போய்ப் பாருங்க சார். நீங்க எழுதனது இப்பதான் சரியா இருக்குது."

குரலில் கோபம் துளியும் இல்லை. ஷேர் ஆட்டோ வந்தது. முதலில் ஏறியவர், நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டு, "ஏறுங்க சார்" என்றார்.