வாடிப்பட்டியில் தரையில் வைத்த பந்து

சண்டைக் காலம்; பெட்ரோல் கிடையாது. காலை ஏழரை மணிக்கு மதுரைக் கோரிப்பாளையத்தில் நான் ஏறிய பஸ்ஸின் முதுகில் கரியடுப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள்; அதன் வாயுவில்தான் வண்டி ஓடிற்று. வாடிப்பட்டிக்குப் பதினைந்து மைல், கட்டணம் ஐந்தணா. அடுப்பு சூடேறவே அரை மணி ஆயிற்று.

நான் போனது பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவராக. எங்கள் பள்ளியில் இருந்த அமெரிக்க வாத்தியார் ஒருவர் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஊருக்குக் கப்பலேறும்போது சட்டப் புத்தகத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சுற்றுவட்டாரத்தில் அந்தப் புத்தகம் என் ஒருவனிடம்தான் இருந்தது. அதில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாடிப்பட்டி விவசாயி. மடியில் உரச்சாக்கு. நான் யாரென்று தெரிந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டார். வாடிப்பட்டி அணியின் தலைவன் சுப்பையா அவருடைய மச்சானாம்; பள்ளியில் தற்காலிக டிரில் வாத்தியாராம்.

"இன்னைக்குச் செயிச்சா வேலைய நெரந்தரமாக்குறேன்னு பள்ளிக்கூட மேனேஜர் சொல்லிருக்காருண்ணே. இல்லேன்னா வேற ஆளு வாராரு."

கேட்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் சலுகை காட்டக் கூடாதென்று அப்போதே விறைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு வாடிப்பட்டி. வடக்கே சிறுமலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. அறுவடை முடிந்த வயலில்தான் ஆட்டம். எதிரணி மதுரையிலிருந்து முதல்நாளே வந்திருந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்துப் பந்து பிடிக்கும் தோலுறை நாலுதான். சுப்பையா தன் உறையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு, வெறுங்காலோடு ஓரத்தில் நின்றான்.

பன்னிரண்டு மணி சுமாருக்குக் கடைசிச் சுற்று. வாடிப்பட்டிக்கு ஓர் ஓட்டம் கூடுதல். மதுரைக்கு இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அவர்களில் இருவர் ஓட்டத்தின் பாதி வழியில் காத்து நின்றார்கள். பந்து பிடிபடாவிட்டால் இருவரும் ஓடி வந்து ஜெயித்துவிடுவார்கள்.

அடித்த பந்து வானத்துக்குப் போயிற்று. சுப்பையா வரப்பைத் தாண்டி ஓடி இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மூன்று நாலு அடி நடந்தான். பிறகு குனிந்து பந்தைத் தரையில் வைத்தான். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கபடியில் ஜெயித்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செய்வதுதான். அதற்குக் கை காலியாக இருக்க வேண்டுமே.

மதுரைப் பையன்கள் இருவரும் ஓடி முடித்துவிட்டு, பந்து தரையில் கிடக்கிறதென்று கத்தினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பந்து மண்ணைத் தொட்டால் பிடி இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

சுப்பையா என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"புஸ்தகத்த ஒருதரம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

புத்தகம் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. எனக்குத் தெரியாத சட்டமா என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் அதைத் திறப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மேனேஜர் குடையை விரித்துக்கொண்டு எழுந்து போனார். பஸ்ஸில் என்னோடு வந்த மச்சான்காரர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குச் சுப்பையாவே வந்து எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். மோர் வாங்கித் தந்தான். நான் குடித்தேன்.

நாலரைக்கு விளாங்குடி. அடுப்புக்குக் கரி போட வண்டி நின்றது. பொழுது போகாமல் புத்தகத்தைப் புரட்டினேன். இருபதாம் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. பந்தைக் கையில் அடக்கிய பிறகு ஆட்டக்காரன் தானாக விட்டால் அது பிடிதான்; நழுவினால்தான் இல்லை. இரண்டு தரம் படித்தேன்.

எதிரே திண்டுக்கல் போகும் வண்டி நின்றது. அது வாடிப்பட்டியில் நிற்குமா என்று எங்கள் டிரைவரிடம் கேட்டேன்.

"நிக்கும் சார். போறதுன்னா இப்பவே ஏறிக்கிருங்க, கெளம்பப் போறான்."

இறங்கி அந்த வண்டியின் படிவரை போனேன். மேனேஜர் வீட்டைத் தேடிப் போவதையும், என் தப்பு என்று ஊர் முன்னால் சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன். அந்த வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

ஐந்தேகாலுக்குக் கோரிப்பாளையம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, யார் ஜெயித்தது என்று மனைவி கேட்டாள்.

"வாடிப்பட்டி" என்றேன்.