படிக்கட்டில் ஏறிய புகை

ரங்கூனில் மாடி ஏற ஏற வாடகை குறையும். லிஃப்ட் கிடையாது. அதனால் காசுள்ளவன் கீழே இருப்பான், இல்லாதவன் உச்சியில் கிடந்து மூச்சு வாங்குவான். பபேடான் பேட்டையில் என் அக்கா குடியிருந்தது எட்டாவது மாடி. அவளுக்கு ஆஸ்துமா வேறு. இறங்கினால் ஏற முடியாது என்று பயந்து தெருவையே மறந்துவிட்டாள். பால்கனியிலிருந்து கயிறு விடுவாள். காய்கறி, மாத்திரை எல்லாம் அதில்தான் மேலே வரும். "டாக்டரையும் கட்டி இழுத்துக்கோயேன்" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாள். சிரித்தால் இருமல் வந்துவிடும்.

கரண்ட் நிற்கிற நேரம்தான் எங்களுக்கு எமன். கீழே ஜவுளிக்கடை முதலாளி ஜெனரேட்டரைப் படிக்கட்டின் அடியில் வைத்திருந்தார். கடைக்குள் வைத்தால் துணியில் நாற்றம் ஏறுமாம். நடைபாதையில் வைத்தால் திருடன் தூக்கிக்கொண்டு போவானாம். சரி, புகை எங்கே போகும்? படிக்கட்டு வழியே நேராக எங்களிடம்தான். அவருக்கு ஃபேன், எங்களுக்குப் புகை. என்ன நியாயமடா சாமி! அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், எத்தனையோ தரம் போய்க் கெஞ்சினார். "நாளைக்கு மாத்திடுறேன்பா" என்பார் முதலாளி.

அன்று மத்தியானமும் கரண்ட் போனது, ஜெனரேட்டர் உறுமியது. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தும் புகை நுழைந்தது. அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்தது. மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷின் மூலையில் சும்மா கிடந்தது. அதற்கும் கரண்ட் வேண்டுமே!

மச்சானுக்கு என்ன வந்ததோ, அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், தடுப்பதற்கு அல்ல. "உடைங்க மச்சான், நாசமாப் போகட்டும்!" என்று கத்தினேன். முதல் அடியில் ஜெனரேட்டரின் மண்டை நசுங்கியது. அடுத்த அடியில் பெட்ரோல் குழாய் பிய்ந்தது. முதலாளி பாய்ந்து வந்து மச்சானின் கழுத்தைப் பிடித்தார். மச்சான் அவர் முகத்தை இரும்புக் கதவில் மோதினார். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. கடை ஆட்கள் இருவர் மச்சானைத் தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். நான் ஒருவன் கையைக் கடித்தேன். அவன் ரத்தம் என் வாயில் கரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புகை நின்றுவிட்டது.

அதற்குள் மேல்மாடிக்காரர்கள் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கைலியால் கட்டித் தூக்கி வந்தார்கள். பக்கத்து வாசலிலேயே ஒரு சின்ன கிளினிக். அங்கிருந்த டாக்டரம்மா ஊசி போட்டார், மெஷினில் மருந்து ஊற்றினார், முகமூடியை மாட்டி சுவிட்சைத் தட்டினார். ஓடவில்லை. மறுபடி தட்டினார்.

"ஜெனரேட்டர் லைன் என்ன ஆச்சு? இப்பத்தானே ஓடிச்சு!" என்று பர்மிய மொழியில் கத்தினார்.

முதலாளி கடையிலிருந்து சுவரைத் துளைத்துக் கிளினிக்குக்கும் ஒயர் கொடுத்திருந்தார். எட்டாவது மாடிக்குப் புகை மட்டும்தான் வந்தது. ஒயர் எங்கே போகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

டாக்டரம்மா கத்தியது முதலாளியின் காதில் விழுந்தது. ரத்தம் ஒரு கண்ணை மூடியிருக்க, தள்ளாடிப் போய் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டரை இழுத்தார். மச்சான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, பிய்ந்த குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்கண்ணே! நான் புடிச்சிருக்கேன், இழுங்க!"

"இழுக்குறேன்பா, இழுக்குறேன்!" முதலாளி அழுதுகொண்டே இழுத்தார். ஜெனரேட்டர் இருமியது, அடங்கியது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஓடுகிறதா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"ஓடுதுக்கா, ஓடுது. நல்லா இழுத்து மூச்சு வுடு" என்றேன்.

என்னை நம்பி ஒரு தரம் இழுத்தாள். பிறகு அவள் பிடி விட்டுப்போனது. வெளியே அவர்கள் இருவரும் ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.