மஸாஹிரின் மஞ்சளும் நீலமும்

முதலில் எழுத்துகளை அணைப்பார். பிறகு துளைகளின் வளையங்களை. பிறகு பின்னணியில் கிடக்கும் புள்ளிக் கட்டங்களை. கணினித் திரையின் வலது ஓரத்தில் வரிசையாக நிற்கும் கண் அடையாளங்களை மஸாஹிர் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, சந்தை நாள் போல நெருக்கியடித்த படம் மெல்ல வெறிச்சோடும். கடைசியில் கறுப்புத் தரையில் இரண்டே நிறங்கள் மிஞ்சும். மின்சுற்றுப் பலகையின் மேல்முகத்தில் ஓடும் கோடுகள் மஞ்சள். கீழ்முகத்தில் ஓடுபவை நீலம்.

குறிஞ்சிப்பிட்டித் தோட்டக்காரர்களுக்கு அவர் மோட்டர்க்காரர். கிணற்றில் நீர் வற்றினால் மோட்டரைத் தானாக நிறுத்தும் சிறு பெட்டியை அவரே வரைந்து, அவரே பற்றவைத்துக் கொடுப்பார். நாற்பத்தொரு வயது. பேச்சுக் குறைவு. தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பார். பல நாள் ஆறவைத்ததையே மறந்துவிடுவார். எந்த ரெசிஸ்டரையும் மீட்டரில் அளக்காமல் பலகையில் வைக்க மாட்டார். அதன் உடம்பிலேயே நிற வளையங்களாக அளவு போட்டிருக்கிறதே, பிறகு எதற்கு என்று கேட்டால், "வளையம் பொய் சொல்லும், மீட்டர் சொல்லாது" என்பார். ஊரார் அதை நேர்த்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நேர்த்திதான். ஆனால் காரணம் வேறு. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல் நிறம். பதினொரு வயதில் கொச்சிக்காய்த் தோட்டத்தில் சிவந்த மிளகாய்ப் பழத்தை மட்டும் பறிக்க விட்டபோது, காயும் பழமுமாகச் சாக்கை நிரப்பி வந்து ஏச்சு வாங்கினார். இருபதில் ஒரு மின்வேலைக்கான பரிசோதனைக்குப் போய், புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த இலக்கத்தை வாசிக்க முடியாமல் திரும்பினார். அதற்குப் பிறகு மனைவி பளீலாவைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நிறம் தெரியாதவனை நம்பி யார் கம்பி வேலை கொடுப்பார்கள்?

பலகை வரையும் மென்பொருளைப் பழக உட்கார்ந்தபோது, அது மேல்முகத்தைச் சிவப்பிலும் கீழ்முகத்தைப் பச்சையிலும் காட்டியது. எந்தக் கோடு எந்த முகத்தில் ஓடுகிறதென்று இரண்டு நாளாகப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள், தற்செயலாகக் காட்சி அமைப்புகளைத் திறந்தார். ஒவ்வோர் அடுக்கின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறு நிறக் கட்டம். தட்டினார், வேண்டிய நிறத்தை எடுத்துக்கொள் என்று ஒரு நிறப்பலகை விரிந்தது. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற பளீலாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கொச்சிக்காட நெறத்த மாத்த ஏலாது," என்றார். "இத மாத்த ஏலும்."

அன்றிலிருந்து அந்த அமைப்புச் சாளரத்தின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதை மங்கலாக்குவது, செப்புப் பரப்பை எப்போது வெறும் ஓரக்கோடாகக் காட்டுவது, எந்த அடுக்கைத் தனியே நிறுத்திப் பார்ப்பது என்பதெல்லாம் விரலுக்கே தெரியும்.

சென்ற ஆண்டு, சிலாபத்துப் பொறியியலாளர் அனுஷ்கா ஒரு படம் அனுப்பினார். முந்தல் பக்கத்து இறால் பண்ணை ஒன்றுக்கான எச்சரிக்கைப் பலகை. தொட்டி நீரைக் கிளறும் சக்கரங்கள் நின்றால் சங்கு ஊத வேண்டும். ஊதாவிட்டால் சில மணி நேரத்தில் இறால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பற்றவைப்பது மட்டுமே மஸாஹிரின் வேலை. படத்தைச் சரிபார்த்து முடிந்தது, பின்னேரம் அச்சுக்குப் போகிறது என்றிருந்தார் அனுஷ்கா.

எது எங்கே உட்காருகிறதென்று பார்க்கத் திறந்தவர், தன் பழக்கப்படி நிறத்தை மாற்றி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனார். இன்னும் இணைக்கப்படாதவற்றைக் காட்டும் வரியின் கண் ஏற்கெனவே மூடியிருந்தது. அதைத் திறந்தார். சங்குக்குப் போகும் முனையில், இணைப்பு விடுபட்டிருக்கிறதென்று காட்டும் நக நீள மெல்லிய கோடு ஒன்று. செப்புப் பரப்பு மேலே படர்ந்திருந்ததால் சேர்ந்ததுபோலத் தெரிந்தது, உண்மையில் சேரவில்லை. இப்படியே அச்சானால் சங்கு ஊதாது.

உடனே அழைத்தார். தன் திரையில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே, உங்கள் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றார் அனுஷ்கா. மஸாஹிர் நிற அமைப்பைத் திறந்தார். வழமையான நிறங்களுக்கு மாற்றி அனுப்பலாம். ஆனால் அதில் அவராலேயே எதையும் பிரித்துக் காட்ட முடியாது. பின்னேரத்துக்கு அதிக நேரம் இல்லை. மஞ்சளும் நீலமுமாகவே அனுப்பினார்.

"என்ன நானா இந்த நிறம்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அனுஷ்கா.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டு, தங்கச்சி. சின்னத்திலேந்தே அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு, இனி இந்தப் பக்கமிருந்து வேலை வராது என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டார். திரை நெரிசலாக இருக்கிறதென்று அந்த வரியை மூடியது தான்தான் என்றார் அனுஷ்கா. முந்தின நாள் ஓர் இணைப்பை நகர்த்திவிட்டு, சோதனையைத் திரும்ப ஓட்டவில்லை என்றும் சொன்னார். அச்சை நிறுத்தியாயிற்று.

"உங்கட நிற அமைப்ப எனக்கும் அனுப்புங்க நானா. இதுல எனக்கும் வடிவாத் தெரியுது."

பலகை பெட்டிக்குள் பொருத்தப்பட்டுப் பண்ணைக்கு வந்த அன்று இருவரும் தொட்டிக் கரையில் நின்றார்கள். மின்சாரத்தை நிறுத்தினார்கள், சக்கரங்கள் ஓய்ந்தன, சங்கு ஊதியது. வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. மறுபடி மின்சாரம் வந்ததும் பெட்டியின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற வேண்டும். எதிர்க்கரையிலிருந்து பண்ணை மேலாளர் கெவின், பச்சை வந்துவிட்டதா என்று மஸாஹிரைக் கேட்டார். வேலையாட்கள் பத்துப் பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு அந்த நெறம் தெரியாது," என்றார் மஸாஹிர், எதிர்க்கரைக்கும் கேட்கும்படி. "தங்கச்சி பாத்துச் சொல்லுவா."

பெட்டியின் முன்னாலிருந்து ஓர் அடி விலகி, அனுஷ்காவுக்கு இடம் விட்டார்.