தரைத்தள அறைக்கு சிக்னல் வந்த நாள்

திருப்பதியில் நான் தங்கிப் படித்த விடுதியில், எங்கள் தரைத்தள அறைக்குள் போன் என்பது வெறும் டார்ச் லைட். நாலு பக்கமும் கட்டடம். சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஜன்னல் கம்பியில் ஒரு பையைக் கட்டி, அதற்குள் போன்களைப் போட்டுவைப்போம். அங்கே மணியடிக்கும், நெட் வராது.

என் அறைத்தோழிக்கு மணியடித்துப் பயனில்லை. அவளும் என்னைப்போல தமிழ்நாட்டு எல்லையோரம், சத்தியவேட்டுப் பக்கம்தான். அவள் அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. வீடியோவில் கைஜாடையாகப் பேசினால்தான் உண்டு. அதற்கு மொட்டை மாடிக்குப் போவாள். குரங்குத் தொல்லை என்று விடுதி ஓனரம்மா மாடியைப் பூட்டியதும் அதுவும் போயிற்று. மகள் முகத்தைப் பார்க்காமல் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஊரிலிருந்து சேதி வந்தது.

"படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம். நான் ஊருக்கே போய்க்கிறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், அறைக்குள் சிக்னல் வரவைக்கச் சொல்லி ஓனரம்மாவை நச்சரித்து எடுத்துவிட்டேன். கடைசியில் போன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். மாடியில் ஆன்டெனா, அங்கிருந்து ஒயர், எங்கள் நடையில் சிக்னலைப் பரப்ப ஒரு சின்னப் பெட்டி.

ஓனரம்மா ஆன்டெனாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். "மலைய பாத்து வெய்யிப்பா" என்றார். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ்கூட மலையைப் பார்த்துத்தான் நிற்கும். வந்தவர் மறுபேச்சில்லாமல் அப்படியே வைத்தார். கீழே போன்களில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறவில்லை.

"டவரு திருச்சானூர் பக்கம் கீதும்மா" என்றார் தயங்கியபடி.

"தாயார் கோயில் பக்கமா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" ஓனரம்மா இன்னொரு கற்பூரம் ஏற்றினார்.

ஆன்டெனா திரும்பியதுதான் தாமதம், அறை அறையாகப் போன்கள் கத்த ஆரம்பித்தன. யார் யார் வீட்டுப் படங்களோ, செய்திகளோ, அத்தனை சுவரையும் தாண்டி வந்துகொண்டே இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவையும் சுமந்து வருகிறதே என்று எனக்குப் புல்லரித்தது.

அவள் போனை வாளிமேல் சாய்த்துவைத்து அம்மாவை அழைத்தாள். முன்பு மாடியில் பேசும்போது ஒரு கை போனைப் பிடித்திருக்கும், மறு கைதான் பேசும், சீக்கிரம் முடிந்துவிடும். இப்போது இரண்டு கைகளும் பேசின. தோளும் புருவமும்கூடப் பேசின. இவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். திரையில் அவள் அம்மா என்னையே பார்த்தார். பிறகு முஷ்டியை ஆட்டிச் சிரித்து, மகளிடம் நிதானமாகக் கையசைத்தார்.

"இன்னா சொல்றாங்க?"

"இந்தச் சண்டக்காரி பக்கத்துல கீறா இல்ல, நீ அங்கயே இருந்து படின்னு சொல்லுது."