சம்பளம் விசாரித்த கோடை

அந்தக் கோடையில் எனக்கு ஒரு காய்ச்சலாவது வந்திருக்கலாம், இரண்டு நாள் நிம்மதியாகப் படுத்திருந்திருப்பேன். அவ்வளவு அலுப்பு. காரைக்குடி செக்காலையில் இருக்கும் என் பெயின்ட் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, மகளை மார்க்கெட்டிங் எம்.பி.ஏ. படிக்க எங்கே சேர்ப்பது என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளூர்க் கல்லூரி என்றால் கைக்காசிலேயே கட்டிவிடலாம். கோயம்புத்தூர்க் கல்லூரி என்றால் வங்கியில் கல்விக் கடன் வாங்க வேண்டும். அங்கே படித்தவர்களுக்கு எவ்வளவு சம்பளம், இங்கே படித்தவர்களுக்கு எவ்வளவு, அந்த வித்தியாசத்தில் கடன் அடையுமா என்பதுதான் என் கவலை. மகளோ கோயம்புத்தூர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் சம்பளத்தை விசாரிப்பது லேசான காரியமில்லை. அது வரன் பேசும்போது சொல்கிற தொகை. கல்யாணமாகாத பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். கடனைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். நான் ஏறி இறங்கிய வீட்டிலெல்லாம் பிள்ளைகள் கை நிறைய வாங்கினார்கள், ஒருவருக்கும் கடனில்லை. பெண்ணைப் பெற்றவன் சம்பளம் கேட்டால் வேறெதற்கு இருக்கும்? கண்டனூரில் ஒரு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பையனின் ஜாதகத்தையே எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். பதில் சொல்லிவிட்டு வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கடைசியாக அரியக்குடி. கோயம்புத்தூரில் அதே கல்லூரியில் படித்து வேலைக்குப் போய்விட்ட இளைஞனின் வீடு. "அவனுக்கென்ன, ராசாவாட்டம் இருக்கான்" என்றார் அவனுடைய அம்மா. லீவில் வந்திருந்த அவன் வாயைத் திறக்கவில்லை. நான் வண்டியை எடுத்தபோது பின்னாலேயே வந்தான்.

"மாமா, காரைக்குடியில படிச்சவனும் நானும் ஒரே ஆபீஸ்ல ஒரே சம்பளத்துலதான் இருக்கோம். எனக்கு மட்டும் பாதி கடனுக்குப் போயிருது. நான் சொன்னேன்னு அம்மாட்ட சொல்லிறாதீக."

ஒருவழியாக உண்மை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பளம் ஒன்றுதான், உள்ளூரிலேயே சேர்ந்தால் கடனாவது இருக்காது என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். எனக்கு முன்பே அவள் அங்கே படித்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுமா அங்க போறேங்கிற?"

"பெரியப்பா மக அக்கா இங்கதானப்பா படிச்சாக. பரீட்சை முடிஞ்ச மாசமே கல்யாணம். ஒருநாளாச்சும் அவுகள வேலைக்கு விட்டீகளா?" அவள் குரல் ஏறவேயில்லை. "எம்பேர்ல கடன் இருந்தா, அது அடையிற வரைக்கும் யாரும் பொண்ணு கேட்டு வரமாட்டாக. வேலைக்குப் போகாதேன்னு நீங்களும் சொல்ல மாட்டீக."

நான் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"முதல்ல வேலைக்கு அனுப்புறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இங்கயே சேந்துக்கிறேன்."

அண்ணன் என்ன சொல்வார், என் மனைவி எப்படி அழுவாள், நான் எத்தனை நாள் தாங்குவேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், வங்கியில் கல்விக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.