சேற்றில் கிடைத்த அவகாசம்

கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் யாரும் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்யக் கூடாது. விறுவிறுவென்று நடக்க முடியாது. மண் செருப்போடு அப்பிக்கொண்டு, காலில் அம்மிக்கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். ரோஷமாகக் கிளம்பியவன் வாத்து மாதிரி அசைந்து போக வேண்டும். நான் போயிருக்கிறேன், தலையில் சீர்ப் பெட்டியோடு.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். கோபம் வந்தால் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வேன். வெயிலில் நின்று அதைக் கேட்ட பிள்ளைகளுக்குப் பொறுமை வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

என் தங்கையை விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் பெரியவளாகி, சடங்கு வைத்திருந்தார்கள். தாய்மாமன் கொண்டுபோகும் சேலையைக் கட்டித்தான் பெண்ணைச் சபையில் உட்கார வைப்பது வழக்கம். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், சேலை, வளையல், பழம், பூ எல்லாவற்றையும் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்து நானே தூக்கிக்கொண்டு போனேன். முதல் நாள் மழையில் ஓடையில் தண்ணீர் வந்து, பஸ் இக்கரையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண் சபையில் உட்கார்ந்திருந்தாள், வேறு சேலையில். மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் சித்தப்பா மகன் சந்தனம் பூசிக்கொண்டு நின்றான். நிலத் தகராறில் அவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

தங்கை ஓடி வந்தாள். "அண்ணே, நல்ல நேரம் போயிருமேன்னுதான் சின்னண்ணன நிக்கச் சொன்னோம். இந்தா, இப்பமே உன் சேலைய மாத்திருதேன். உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடி. பொறவு எம்புட்டு வேணும்னாலும் ஏசு."

தண்ணீர் குடித்தால் கோபம் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குடிக்கவில்லை. "இந்த வீட்டுல எனக்குப் பச்சத்தண்ணி வேண்டாம்" என்று சபை முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

ரோட்டு வழி சுற்று என்று பருத்திக் காட்டுக்குள் இறங்கினேன். மண் பிடித்துக்கொண்டது. தங்கை மாப்பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"மச்சான், கோவிச்சுக்கிட்டுப் போங்க, வேண்டாங்கல. வேட்டிய மட்டும் மடிச்சுக் கட்டிக்கிடுங்க. விழுந்தீயன்னா சீரு பருத்திச்செடிக்குத்தான்."

சடங்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வண்டிப்பாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏட்டி, சீரு வீட்டுக்கு வருதா, வீட்ட விட்டுப் போகுதா?"

"எங்கன போகுது? நிக்கத்தான செய்யுது!"

கோபத்துக்கும் செயலுக்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பார்கள். எனக்கு ஒரு காடு முழுக்க அவகாசம் கிடைத்தது. செருப்பு மண்ணை வழிக்க நின்றபோதெல்லாம் திரும்பியிருக்கலாம். நின்றேன், வழித்தேன், இன்னும் உறைப்பாக ஏசுவதற்கு வார்த்தை தேடினேன். படித்தவன் அல்லவா, கிடைத்தது. ரோட்டில் ஏறியதும் மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "அவனையே அண்ணன்னு வச்சுக்கிடச் சொல்லுங்க. எனக்குத் தங்கச்சி கிடையாது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

பின்னாளில்தான் கேள்விப்பட்டேன். நான் எப்படியும் திரும்பி வருவேன் என்று தங்கை, சபையில் மகளுக்குக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துவிட்டு, அவளைப் பழைய பாவாடையில் உட்கார வைத்து, வந்தவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு விளக்கு வைக்கும் வரை காத்திருந்தாளாம். நான் சொன்னதை மாப்பிள்ளை அதுவரை மறைத்திருக்கிறார். கேட்ட பிறகு அதே சேலையை மகளுக்குத் திரும்பக் கட்டிவிட்டாளாம்.

மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் வரட்டும் என்றிருந்தேன். அந்தப் பொறுமை மட்டும் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலையைச் சித்தப்பா மகன் போட்டான். எனக்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களோடு முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். தங்கை இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இலைக்காரரிடம் கேட்ட அதே குரலில், "பாயாசம் போடச் சொல்லவா?" என்று என்னிடமும் கேட்டாள்.

கோபித்துக்கொள்ள அந்த மண்டபத்தில் எனக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை. "போடச் சொல்லும்மா" என்றேன்.